காதர் பாய் புத்தகத்துப் பூச்சாடி

காதர் பாயின் புத்தகத்தில் ஒரு பக்கத்தை பிளேடால் அறுத்தவன் நான்தான். எலி இல்லை, பூச்சி இல்லை, சலீமும் இல்லை... நானேதான்!

உங்களிடம் மட்டும் சொல்கிறேன். பாயின் முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு ஏது துணிவு?

மதுரையில் கல்யாணப் பத்திரிகை வடிவமைப்பது என் பிழைப்பு. கணினியில் கிடைக்கும் பூக்களெல்லாம் ஒரே மாதிரி. தன் பத்திரிகையும் பங்காளி வீட்டுப் பத்திரிகையும் ஒன்றுபோல இருக்கிறதென்று மேலூர்க்காரர் ஒருவர் கடையிலேயே மறியல் செய்துவிட்டார்!

அந்த நேரம் பார்த்துத்தான் பக்கத்துப் பாத்திரக்கடை காதர் பாய், தம் அத்தா, அதாவது தகப்பனார், படித்த பழைய பாட்டுப் புத்தகத்தைப் பார்க்கக் கொடுத்தார். ஒரு பாட்டின் முடிவில், மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்ட பூச்சாடி, இருபுறமும் கொடி. இடப்பக்கப் பூவில் மட்டும் ஓர் இதழ் குறைவு. செதுக்கியவரின் உளி வழுக்கியிருக்க வேண்டும். அந்தப் பிசகில் சொக்கிப்போனேன்.

படம் எடுத்திருக்கலாமே என்கிறீர்களா? எடுத்தேன். பக்கம் வளைந்ததில் சாடிக்குத் தொப்பை விழுந்தது. ஸ்கேனரில் வைத்தேன், மூடி மூடவில்லை. அழுத்தினால் புத்தகத்தின் முதுகு உடைந்துவிடுமே என்று எனக்கு அவ்வளவு இரக்கம்... ஆகவே படத்தை மட்டும் அறுத்தெடுத்தேன்! பின்பக்கத்துப் பாட்டில் நான்கு வரிகளும் கூடவே வந்துவிட்டன.

மூடிய புத்தகத்தை மூடியபடியே திருப்பிக் கொடுத்தேன். அடுத்து அதை வாங்கிப் போனவர் சலீம், பாயின் மனைவிக்குத் தம்பி. அது திரும்பி வந்தபோதுதான் பாய் ஓட்டையைப் பார்த்தார். பழி முழுவதும் மச்சான் தலையில்! பேச்சுவார்த்தை நின்றது. பாயின் கோபம் நியாயமானதுதான் என்று நான் ஆறுதல் வேறு சொன்னேன். எப்படிப்பட்ட பிறவி நான்?

போன மாதம் பாயின் மகளுக்கு நிக்காஹ். என் மாதிரிப் பத்திரிகைகளைப் புரட்டிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் விரலை வைத்தார்.

"இந்தப் பூச்சாடியப் போடுங்கண்ணே. எங்கயோ பாத்துப் பழகுன மாதிரி இருக்கு."

வரிகளை மட்டுமே படிக்கிற மனிதர்! நான் பிழைத்தேன்.

ஆனால் அழைக்க வேண்டியவர்கள் பட்டியலில் சலீம் பெயர் இல்லை. பெண்ணுக்குத் தாய்மாமன்! பாயின் மனைவி நான்கு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்று கேள்விப்பட்டேன். அப்போதாவது வாயைத் திறந்தேனா? சலீம் குடியிருக்கும் கோச்சடைக்குப் போய், பாய் கொடுத்தனுப்பியதாகச் சொல்லி, அவர் கையில் ஒரு பத்திரிகையை வைத்துவிட்டு வந்தேன். திருட்டுக்குப் பரிகாரம் பொய்!

கல்யாணத்தன்று சலீம் வந்தார். பாய் ஒரு கணம் முறைத்தார், பிறகு கட்டிக்கொண்டார். பந்தியில் என் காதருகே குனிந்தார்.

"கூப்பிடாமலே வந்து நிக்கிறாண்ணே. சரி போகுதுன்னு மன்னிச்சிட்டேன்."

கை கழுவும் இடத்தில் சலீம் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"மச்சான் என்னைய மன்னிச்சிட்டாராம். நான் என்னண்ணே செஞ்சேன்? போகட்டும், அக்கா சிரிக்குது. அது போதும்."

எனக்கு வரவேண்டிய மன்னிப்பு, செய்யாத மனிதருக்குப் போய்ச் சேர்ந்தது! நான் இரண்டாம் தடவை பிரியாணி வாங்கிச் சாப்பிட்டேன்.

மறுவாரம், அத்தாவின் மிச்சப் புத்தகங்களை மூட்டையாகக் கட்டி என் கடையில் இறக்கினார் பாய்.

"மன்னிச்சாலும் அவன நம்ப முடியலண்ணே. உங்ககிட்டயே பத்திரமா இருக்கட்டும்."

மூட்டையை நான் இன்னும் அவிழ்க்கவில்லை. தினமும் கடை திறந்ததும் அதைத்தான் பார்க்கிறேன். சொல்லிவிடலாம் என்று தொண்டை வரைக்கும் வருகிறது... அதற்குள் பாய் டீ குடிக்கக் கூப்பிடுகிறார். போய்விடுகிறேன்.