நாய் நக்கிய கை

என் வீட்டுக்காரர் ஆம்பூரில் தோல் பதனிடும் கிடங்கு ஒன்றில் சுண்ணாம்புக் குழி வேலை பார்த்தார். குழியில் நின்று தோலைப் புரட்டுகிறவர்களின் கை எப்படியிருக்கும் என்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். விரலிடுக்கெல்லாம் வெந்து வெடித்திருக்கும். வேலை விட்டு வந்ததும் வாசலில் உட்கார்ந்து கையை நீட்டுவார்கள், நாய் நக்கும். நாய் நாக்கில் மருந்து இருக்கிறது என்று தெரு முழுக்க நம்பிக்கை. எங்கள் செவலை நாயும் தினமும் அந்த வைத்தியத்தைச் செய்தது. பிறகு அந்தக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு சோற்றில் வைப்பார். கழுவச் சொன்னால், "தண்ணி பட்டா எரியுதுடி, பேஜார் பண்ணாதே" என்பார்.

நாய்க்குத் தீனி கறிக்கடையிலிருந்து வந்தது. சில ஆடுகளின் ஈரலில் நீர் கோத்த கொப்புளங்கள் இருக்கும். அதை யாரும் வாங்க மாட்டார்கள். கறிக்கடை பாய் வீணாக்க மனமில்லாமல் கிடங்கு ஆட்களிடம் கொடுப்பார், இவர்கள் பச்சையாகவே நாய்க்குப் போடுவார்கள். ஈரல் தின்ற நாய் தோலை நன்றாகக் காவல் காக்குமாம்.

அவருக்கு வலது விலாவுக்குக் கீழே வீங்கத் தொடங்கியது. பற்றுப் போட்டுப் பார்த்து ஓய்ந்த பிறகு வேலூருக்கு அழைத்துப்போனேன். டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, "வீட்ல நாய் இருக்கா?" என்றார். எனக்குக் கோபம் வந்தது. பொறுமையாக விளக்கினார். கொப்புள ஈரலைத் தின்ற நாயின் குடலில் பூச்சி வளர்கிறது. கண்ணுக்குத் தெரியாத அதன் முட்டை மலத்தோடு வந்து நாயின் மயிரிலும் நாக்கிலும் ஒட்டுகிறது. அங்கிருந்து நம் கை, கையிலிருந்து சோறு.

"உள்ளே நீர்க்கட்டி இருக்கு. அடிபட்டு உடைஞ்சா உடம்பெல்லாம் தடிச்சு மூச்சடைச்சிடும், அதுக்குள்ள ஆபரேஷன் பண்ணி எடுத்துடணும். ஈரலைப் புதைச்சிடுங்க, இல்லன்னா நல்லா வேகவெச்சுப் போடுங்க. நாயைத் தொட்டா கை கழுவுங்க. குழந்தை இருந்தா அதையும் கவனிங்க, இது வெளியே தெரிய வருஷக்கணக்காகும்."

பக்ரீத் நெருங்கிக்கொண்டிருந்தது. "தோலு ஜாஸ்தியா வர்ற நேரம். இப்போ படுத்தா வேற ஆளைப் போட்டுடுவான். பண்டிகை முடியட்டும்" என்றார். சண்டை போட்டேன், சோறு போட மாட்டேன் என்றேன். அசையவில்லை.

பண்டிகை முடிந்த வாரம், குழியிலிருந்து தூக்கிய ஈரத்தோல் கட்டு வழுக்கி அவர் வயிற்றில் மோதியது. தூக்கி வந்தபோது உடம்பெல்லாம் தடித்துச் சிவந்திருந்தது. மூச்சு விட முடியவில்லை. பொழுது சாய்வதற்குள் போய்விட்டார்.

கொழுந்தன்கள் அந்த நாயை அடித்தே கொன்றார்கள். காரியம் முடிந்த கையோடு வேறொரு குட்டியைக் கொண்டுவந்து கட்டி, அதற்கும் ஈரல் போட்டார்கள். "தம்பி, அந்த ஈரலாலதான் உங்க அண்ணன் செத்தாரு" என்றேன்.

"அது கெட்ட நாய் அண்ணி. இது நல்ல ஜாதி."

மண்டையில் களிமண்ணை வைத்துக்கொண்டு திரிகிறவர்களிடம் என்ன பேசுவது? நேராகப் பாயிடம் போனேன். அவர் முழுக்கக் கேட்டார். "எனக்கு இது தெரியாதும்மா" என்றார். மறுநாளே கடைக்குப் பின்னால் ஆழமாகக் குழி வெட்டினார். கிடங்கில் கழித்த சுண்ணாம்பைக் கொட்டி ஈரலைப் புதைத்தார். யார் கேட்டும் கொடுக்கவில்லை. குட்டிக்கு நான் கஞ்சி ஊற்றினேன்.

ஆனால் என் மகள் அந்தச் செவலை நாயைக் கட்டிக்கொண்டு தூங்கியவள். அதன் வாயில் கையை விட்டு விளையாடிவிட்டு அதே விரலைச் சப்பியவள். வெளியே தெரிய வருஷக்கணக்காகும் என்று டாக்டர் சொன்னது என்னை விட்டுப் போகவேயில்லை. எண்ணெய் தேய்க்கும்போதெல்லாம் அவள் விலாவுக்குக் கீழே அழுத்திப் பார்ப்பேன். பயத்தோடேதான் அவளை வளர்த்தேன்.

அவளைப் பேரணாம்பட்டில் கட்டிக்கொடுத்தேன். போன மாதம் வந்தவள், வெட்கப்பட்டுக்கொண்டே என் கையை எடுத்துத் தன் அடிவயிற்றில் வைத்தாள். "அம்மா, வயிறு தெரியுதா?"

சந்தோஷப்பட வேண்டிய நேரம். என் கை அங்கே நிற்கவில்லை. வலது விலாவுக்குக் கீழே போய் அழுத்திக்கொண்டிருந்தது.