பாதாளத்தில் ஒன்றரை ஷிப்ட்

மாமா வேலை பார்த்த எம்பிராய்டரி யூனிட்டில் புது மெஷின் இறக்கியபோது, அங்கிருந்த பழைய கம்ப்யூட்டர் எங்கள் வீட்டுக்கு வந்தது. திருப்பூர் மங்கலம் ரோட்டு லைன் வீட்டில் அதை வைக்க இடமேது? அரிசி மூட்டையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி இடம் பிடித்தோம். கூடவே வந்த பிளாப்பிகளில் பூவும் மயிலுமாக டிசைன்கள் இருந்தன. ஒன்றில் மட்டும் யாரோ விட்டுப்போன விளையாட்டு. கறுப்புத் திரையில் வெள்ளைக் கோடுகளால் ஆன பாதாளம். நாலு பேருக்குப் பெயர் வைத்து உள்ளே அனுப்ப வேண்டும். பூதங்களை அடித்துக்கொண்டே இறங்கி, அடியில் ஒளிந்திருக்கும் மந்திரவாதியைப் பிடிக்க வேண்டும். நடப்பதெல்லாம் ஆங்கிலத்தில் எழுத்தாக ஓடும்.

எங்கள் குடும்பத்தில் ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டத் தெரிந்த ஒரே ஆள் ஐந்தாம் வகுப்பு படித்த நான்தான். தெரியாத வார்த்தைக்கும் தயங்காமல் அர்த்தம் சொன்னேன். மறுத்துச் சொல்ல ஆளில்லாத இடத்தில் புலமை வேகமாக வளரும்.

அப்பாவுக்கும் மாமாவுக்கும் வாள் கொடுத்து முன்னால் நிறுத்தினேன். என்னை மந்திரக்காரியாக்கிக்கொண்டேன்.

"எனக்கு என்ன வேல கண்ணு?" என்று கேட்டாள் அம்மா.

"அடிபட்டவங்களுக்கெல்லாம் மருந்து போடறதும்மா."

"அங்கயும் அதேதானா!"

பனியன் கம்பெனியில் அப்பா டெய்லர். அம்மா அவருக்குக் கைமடி, பக்கத்தில் நின்று துணி எடுத்துக்கொடுக்கும் வேலை. அந்தச் சமயம் சில வாரங்களாக அவள் வேலைக்குப் போகவில்லை. ஏனென்று நான் கேட்கவுமில்லை. கூட விளையாட ஆள் கிடைத்ததே பெரிது.

சண்டையில் களைத்தால் மேலே ஏறி வந்து ஊர்ச் சத்திரத்தில் தூங்க வேண்டும் என்பது விளையாட்டின் விதி. திருப்பூர்க்காரர்களுக்கு அது பிடிபடவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம், "சத்திரமெல்லாம் அப்பறம். இப்பத்தான் ஒரு ஷிப்ட் ஓடியிருக்குது, இன்னொரு அரை ஷிப்ட் பாத்துட்டு ஏறலாம்" என்றார் மாமா. எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. எங்கள் தெருவில் யாரும் ஒரு ஷிப்டோடு வீடு திரும்பி நான் பார்த்ததில்லை. திரைக்குள் அம்மா எங்கள் மூவருக்கும் மாற்றி மாற்றி மருந்து போட்டாள். அவள் பெயருக்கு நேரே, எத்தனை உயிர் மிச்சம் என்று காட்டும் எண் இறங்கிக்கொண்டே வந்ததை ஒருவரும் பார்க்கவில்லை. இருட்டிலிருந்து ஒரு சிலந்தி வந்து கடித்தது. அம்மா பெயருக்குப் பக்கத்தில் 'டெட்' என்று விழுந்தது.

அந்த வார்த்தைக்கு எனக்கு நிஜமாகவே அர்த்தம் தெரியும். அழுதுவிட்டேன்.

"அட, வெளையாட்டுக்குப் போயி அழுவாங்களா? என்ன வழின்னு படிச்சுப் பாரு" என்றார் மாமா.

படித்துச் சொன்னேன். ஊர்க் கோயிலில் பொன் கொடுத்தால் உயிர் கொடுப்பார்கள். நிறையக் கேட்கிறார்கள். அதுவும் பலிக்காமல் போகலாம்.

அம்மா சிரித்தாள். "அதுக்குப் போயி அத்தனையும் கொட்டுவாங்களா? கைமடி வரலீன்னா வேற ஆளப் போட்டு மெஷின ஓட்டறதில்லையா? வேறொருத்தியச் சேத்துக்க கண்ணு. எம்பட பேர வேணா அவளுக்கு வெச்சுக்க."

கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருந்த அப்பா எழுந்து வந்தார். அதுவரை கம்ப்யூட்டர் பக்கமே வராதவர்.

"வேற ஆள் எதுக்கு? என்ற கத்திய வித்துப்போடு."

"கத்தியில்லாம எப்படிப்பா சண்டை போடுவீங்க?"

"அது எம்பாடு. கேடயம் இருக்குதா? அதையும் வித்துரு. உங்க மாமனோடதையும் வித்துரு."

"மச்சான், அது எனக்கு இப்பத்தான் கெடச்சுதுங்க!"

"கம்முனு இர்றா."

ஊருக்கு ஏறி வந்து எல்லாவற்றையும் விற்றோம். கோயிலில் மந்திரம் சொல்வதாக எழுத்து ஓடியது. பிளாப்பி கறகறவென்று சுற்றியது. அப்பாவின் கை என் தோளை இறுக்கிப் பிடித்திருந்தது, வலித்தது. பிறகு, அம்மாவின் பெயருக்கு நேரே ஒன்று என்ற எண் வந்தது.

"வந்துட்டனா?" என்றாள் அம்மா.

"வந்துட்டீங்கம்மா! ஒண்ணே ஒண்ணுதான் இருக்குது."

"அது போதும். சத்திரத்துக்குக் கூட்டீட்டுப் போ" என்று சொல்லிவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே அப்பா வெளியே போனார்.

அடுத்த வாரம், அம்மா கோயமுத்தூர் பெரியம்மா வீட்டுக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். வாசலில் அப்பாவின் பைக்கைக் காணவில்லை, அவர் பஸ்ஸில் வேலைக்குப் போக ஆரம்பித்தார். அம்மா மெலிந்து, சிரித்தபடி திரும்பி வந்தாள்.

நான் கல்லூரி முடித்த வருஷம்தான் அவளே சொன்னாள். வயிற்றில் கட்டி இருந்ததாம். ஆபரேஷன் வேண்டாம், அந்தக் காசைப் புள்ளை படிப்புக்கு வையுங்கள் என்று வாரக்கணக்கில் பிடிவாதமாக இருந்தாளாம். அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான் அப்பாவிடம் சரி என்றாளாம்.

அன்று எனக்குப் பட்டது வேறு. பாவம் அப்பா, ஆங்கிலம் தெரியாதவர், வாளை விற்றால் அடுத்த சண்டையில் என்ன ஆகும் என்று யோசிக்காமல் விற்கச் சொல்கிறார். போகப் போகக் கற்றுக்கொள்வார் என்று பெரிய மனது பண்ணி விட்டுவிட்டேன்.