உறைகாலத்தில் ஒரு வரித் திருத்தம்

அரசு அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளராக இருந்த காலத்தில் எத்தனையோ பேரின் கோப்புகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இணைப்பு இல்லை, உரிய வழியாக வரவில்லை, பத்தி எண் இடப்படவில்லை. காரணம் எழுதாமல் எதையும் திருப்பியதில்லை என்பது என் பெருமை. ஓய்வுபெற்று ஸ்ரீரங்கத்தில் உட்கார்ந்திருந்த என் கோப்பை, பூமியின் எந்த மூலையில் இருக்கிறார் என்றே தெரியாத ஒருவர் திருப்பி அனுப்பினார். அவரும் காரணம் எழுதியிருந்தார். ஒன்பது சொற்களில்.

ஆயிரக்கணக்கான நிரல்களைத் திரட்டி இலவசமாகத் தரும் லினக்ஸ் தொகுப்பு ஒன்றில், தமிழை உரக்கப் படிக்கும் நிரலின் பேக்கேஜை நான் பராமரிக்கிறேன். நிரலை எழுதியவர் வேறொருவர். தொகுப்பின் விதிகளுக்கு ஏற்ப அதைக் கட்டிக் கொடுப்பது மட்டும் என் வேலை. விதிகள் என்றதும் நான் போய் ஒட்டிக்கொண்டதில் ஆச்சரியமில்லை. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதிய வெளியீடு வரும். அதற்குச் சில மாதம் முன்பே எல்லாவற்றையும் உறைய வைத்துவிடுவார்கள்; ஃப்ரீஸ் என்று பெயர். அதன்பின் கடுமையான பிழைக்கான திருத்தம் மட்டும்தான் உள்ளே போகும், அதுவும் வெளியீட்டுக் குழு சம்மதித்தால். பிழை திருத்தப்படாமல் கிடந்தால், குறித்த நாளில் பேக்கேஜையே தூக்கிவிடுவார்கள்.

ஃப்ரீஸ் தொடங்கிய வாரம் கே.கே. நகரிலிருந்து டீச்சர் போன் செய்தார். பார்வை இல்லாதவர், பள்ளியில் தமிழ் எடுக்கிறார். பிள்ளைகள் டைப் செய்து தரும் கட்டுரைகளை என் பேக்கேஜ் படிக்க, கேட்டுத் திருத்துவார்.

“சார், உங்க ஆளு பாதியில வாயை மூடிக்கிறாரு.”

“எந்த இடத்துல டீச்சர்?”

“ஒரு பொண்ணு முற்றுப்புள்ளியே வைக்காம ஒரு பக்கம் எழுதியிருக்கா. அவ நிறுத்தல, இவரு நிறுத்திட்டாரு.”

வாக்கியம் ஓர் அளவைத் தாண்டினால் நிரல் நின்றுவிடுகிறது. கடுமையான பிழை என்று நானே பதிவு செய்தேன். கோடை விடுமுறையில் டீச்சரின் பள்ளிக் கணினிகளில் புதிய வெளியீட்டைப் போடப் போகிறார்கள். அதைக் கவனிப்பவர் தொகுப்பில் இல்லாத எதையும் வெளியிலிருந்து எடுத்துப் போட மாட்டார். நானாக இருந்தாலும் போட மாட்டேன். ஆக, பேக்கேஜ் போனால், டீச்சர் பழையபடி யாரையாவது படித்துக் காட்டச் சொல்லிக் காத்திருக்க வேண்டும்.

பிழையைப் பிடிக்க ஒரு மாலை போதுமாக இருந்தது. ஒரே வரி. அதை மட்டும் அனுப்பியிருக்கலாம். ஆனால் மேலே போகும் கோப்பை ஒழுங்குபடுத்தாமல் அனுப்பிப் பழக்கமில்லை. பேக்கேஜைத் திறந்தவன் கண்ணில் பட்டதையெல்லாம் சரிசெய்தேன். விளக்கக் குறிப்பைச் செப்பனிட்டேன். காலாவதியான அமைப்புகளைப் புதுப்பித்தேன். 2.0 பழையதாகிவிட்டதே என்று நிரலின் புதிய பதிப்பான 2.1-ஐயும் எடுத்து வைத்தேன். மொத்தம் நாற்பத்தொரு கோப்புகளில் மாற்றம். ஏற்றிவிட்டு அனுமதி கேட்டேன்.

பதில் வந்தது: இது ஃப்ரீஸ். பிழைத் திருத்தம் மட்டும் போதும். மற்றவற்றை நீக்கி அனுப்பவும்.

காவிரிக்கரை அம்மா மண்டபம் வரை நடந்துபோய்த் திரும்பியும் கோபம் அடங்கவில்லை. மேல்முறையீடு எழுதினேன். மூன்று பக்கம், பத்தி எண்களுடன், அவர்களுடைய விதிகளையே பார்வையில் காட்டி, நாற்பத்தொரு மாற்றத்துக்கும் தனித்தனியே நியாயம் சொல்லி. முதலில் தமிழில் எழுதிப் பிறகு ஆங்கிலமாக்குவது என் வழக்கம். ஆங்கிலம் குழுவுக்குப் போனது. தமிழ் நகலை டீச்சருக்கு அனுப்பினேன், பாராட்டுவார் என்று.

ஐந்து நாள் மௌனம். இடையில் தானியங்கிக் கடிதம் ஒன்று, இன்னும் பன்னிரண்டு நாளில் பேக்கேஜ் நீக்கப்படும் என்றது. பிறகு குழுவிலிருந்து ஒரு வரி: இவ்வளவையும் சரிபார்க்க எங்களிடம் ஆளில்லை, மன்னிக்கவும். ஆளில்லை என்று நானும் எழுதியிருக்கிறேன். மன்னிக்கவும் என்று எழுதியதில்லை.

அன்றே டீச்சரும் கூப்பிட்டார்.

“லெட்டரைப் படிக்கவிட்டேன் சார். ரெண்டாவது பத்தியிலயே நம்ம ஆளு போயிட்டாரு.”

“போயிட்டாரா?”

“மேற்படி பொருள் தொடர்பாகன்னு ஆரம்பிச்சீங்க பாருங்க, அந்த வாக்கியத்துக்கு முடிவே வரல. மூணு தடவை போட்டேன். மூணு தடவையும் அதே இடம்.”

“ஆபீஸ் நடை டீச்சர். அப்படித்தான் எழுதணும்.”

“எப்படி வேணா எழுதுங்க. எனக்கு அவரு பேசணும். நாப்பது கோப்பு அழகா இருக்கணும்னு நான் கேட்டனா?”

கேட்கவில்லைதான்.

எல்லாவற்றையும் பிரித்தெடுத்துப் பழைய 2.0-க்குத் திரும்பினேன். அதிலும் ஒரு விதி இருந்தது: ஒருமுறை ஏறிய பதிப்பு எண் இறங்கக் கூடாது. அதனால் 2.1 என்று போட்டு, நடுவில் ‘ரியலி’ என்ற ஆங்கிலச் சொல்லைச் செருகி, அதன்பின் 2.0 என்று எழுத வேண்டும். நான் கேலி செய்யவில்லை. அங்கே அதுதான் வழக்கம். அவசரப்பட்டுவிட்டேன், உண்மையில் இது 2.0தான் என்று ஊரறிய ஒப்புக்கொள்ளும் எண். பணிப்பதிவேட்டில் ஒரு கறுப்புக் குறிப்பு இல்லாமல் ஓய்வுபெற்றவனுக்கு இது கிடைத்தது.

புது விண்ணப்பம் நான்கு வரி. இணைப்பு ஒரு வரி. ஒரு மணி நேரத்தில் அனுமதி வந்தது. நீக்கும் நாளுக்கு இரண்டு நாள் முன்பு பேக்கேஜ் உள்ளே போனது.

ஃப்ரீஸ் முடிந்த மறுநாளே மீதி மாற்றங்கள் எல்லாவற்றையும் ஏற்றினேன். ஒருவரும் அனுமதி கேட்கச் சொல்லவில்லை. ஒருவரும் திறந்து பார்த்ததாகவும் தெரியவில்லை. எனக்கு அதுதான் அதிகம் எரிந்தது.

பள்ளி திறந்த வாரம் டீச்சர் பேசினார்.

“புது சிஸ்டத்துல உங்க லெட்டரைப் போட்டேன் சார். நிக்காம மூணு பக்கமும் படிச்சிட்டாரு.”

“எப்படி இருந்துச்சு?”

“நானா இருந்தாலும் திருப்பித்தான் அனுப்பியிருப்பேன்.”