ஏற்றம் பார்த்து நின்றால் கிளம்பாத லாரி

இன்று காலை ஊட்டி மலையில், கேத்தியில் கேரட் மூட்டைகளை ஏற்றி முடித்தும் என் லாரி கிளம்பவில்லை. மேட்டுப்பாளையம் மண்டியில் ஏலத்தைத் தவறவிட்டால் சரக்கு ஒரு நாள் கிடக்கும். கழுவிய கேரட் தாங்காது.

டிரைவர் முருகேசன் கைப்பம்பை அடித்து, டீசல் குழாயில் இருந்த காற்றை வெளியேற்றிய பிறகுதான் இன்ஜின் பிடித்தது.

"குளிருக்கு ஏர் லாக் ஆயிருதுங்ணா," என்றான்.

"நேத்தும் இதே குளிர்தானே முருகேசு? நேத்து மட்டும் எப்படி ஒரே செல்ஃப்ல எடுத்துச்சு?" என்று கேட்டேன்.

யோசித்தான். "நேத்து இறக்கம் பாத்து நிறுத்தியிருந்தனுங்ணா. இன்னைக்கு ஏத்தம் பாத்து."

அப்போதுதான் பொறி தட்டியது. லாரி மூக்கைத் தூக்கி நின்றால் டீசல் டேங்குக்கே திரும்பி இறங்கிவிடுகிறது. வழியில் எங்கோ காற்று நுழையாமல் அப்படி இறங்காது.

ஏலத்துக்கு நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். சரக்கை இறக்கியதும் மண்டிக்குப் பக்கத்தில் இருந்த மெக்கானிக் ஃபில்டருக்கு முன்னால் உள்ளே தெரியும் ட்யூப் ஒன்றை மாட்டினார். குமிழி குமிழியாக வந்தது. டேங்க் பக்கத்துக் குழாய் இணைப்பில் இருக்கும் வாஷர் காய்ந்து கெட்டியாகிப் போயிருக்கிறது. டீசல் ஒரு சொட்டுகூட வெளியே கசியவில்லை, காற்று மட்டும் உள்ளே போயிருக்கிறது.

"வாஷர எதுக்குங்ணா மாத்தணும்? இனி இறக்கம் பாத்தே நிறுத்திக்கறேன்," என்கிறான் முருகேசன்.

சமதரையில் கிடக்கும் மேட்டுப்பாளையம் மண்டியில் இறக்கம் எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர்கள் அவனுக்குச் சொல்லுங்கள். நான் வாஷர் வாங்கப் போகிறேன்.