குழாயில் புகுந்த காற்று

மலாயாவை ஜப்பான்காரன் பிடித்து ஆண்ட காலத்தில், காஹாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நான் லாரி மெக்கானிக். ஒரு காலை, போனவர் யாரும் திரும்பாத சயாம் ரயில் பாதை வேலைக்கு ஆட்களைப் பிடித்து ஏற்றிய ராணுவ லாரி கிளம்பவில்லை. சற்று முன்புதான் அதன் டீசல் வடிகட்டியை மாற்றியிருந்தேன். அதில் குழாயில் காற்று புகுந்து டீசலை மறித்திருந்தது. திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்துக் காற்றை வெளியேற்றினால் போதும். தெரிந்தே வேறு எதையெதையோ கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். லாரியில் என் தம்பியும் இருந்தான்.

"அண்ணே, சரி பண்ணிடுங்க. உங்கள அடிச்சே கொன்னுடுவாங்க," என்றான் மெதுவாக.

காவலுக்கு நின்ற ஜப்பான் சிப்பாய் துப்பாக்கிக் கட்டையால் என் தோளில் இடித்தான். திருகைத் தளர்த்தினேன். நுரைத்து வந்த டீசல் தெளிந்ததும் இறுக்கினேன். இஞ்சின் பிடித்துக்கொண்டது.

தம்பி சயாமில் காய்ச்சலில் இறந்துவிட்டதாக, சண்டை முடிந்து திரும்பியவர் ஒருவர் சொன்னார். அந்த லாரியை ஓடவைத்தது யார் என்று அம்மாவிடம் நான் கடைசிவரை சொல்லவில்லை.