ஒத்தப்பாறைக்குப் போன நர்சம்மா

1925ஆம் வருஷம் வைகாசி மாதம் ஞானம்மா ஈப்போவில் வந்து இறங்கியபோது அவளுக்கு வயது இருபத்தேழு. யாழ்ப்பாணத்தில் கல்யாணமாகி ஒன்றரை வருஷத்துக்குள் புருஷன் நெருப்புக்காய்ச்சலில் போய்விட்டான். பெற்றவர்களும் இல்லை. அவள் மூலையில் உட்காராமல் மிஷன் ஆஸ்பத்திரியில் சேர்ந்து நாலு வருஷம் தாதி வேலை படித்தாள். ஊரில் அதை யாரும் மெச்சவில்லை. கண்டவன் உடம்பையும் தொடுகிற வேலை என்று சொந்தக்காரர் முகம் சுளித்தார்கள். அப்போதுதான் மலாயாவிலிருந்து அண்ணன் கார்த்திகேசு எழுதினான்: "இங்கே வா. இங்கே நர்சுக்கு மதிப்பு உண்டு."

கார்த்திகேசு ஈப்போ ரயில் நிலையத்தில் சரக்குப் பிரிவில் கணக்கெழுதும் கிராணி. ரயில்வே வீட்டில் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு இருந்தான். தங்கச்சி அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்சாகப் போகிறாள் என்று கப்பல் வருமுன்பே எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தான்.

ஆனால் ஆஸ்பத்திரியில் மேட்ரன் அவளுடைய சர்டிபிகேட்டை இரண்டு தரம் படித்துவிட்டு மெதுவாக மடித்துக் கொடுத்தாள். இலங்கை மிஷன் படிப்பு இங்கே செல்லாது. பயிற்சிக்காரியாகச் சேரலாம். மூன்று வருஷம் கழித்துப் பரீட்சை. தேறினால் அரசாங்க நர்ஸ், பிறகு பென்ஷன். படித்த படிப்பை ஒருமுறை துடைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து எழுத வேண்டும்.

கார்த்திகேசு சொல்லித் திரிந்தது எப்படியோ எட்டி, அதே வாரம் இன்னோர் இடத்திலிருந்தும் கடிதம் வந்தது. சுங்கை சிப்புட் பக்கம் ஒத்தப்பாறை ரப்பர் தோட்டத்துத் துரை ஒரு நர்சைத் தேடிக்கொண்டிருந்தார். கூலிக்காரர் குடியிருக்கும் லயங்களில் குழந்தைகள் அதிகமாகச் சாகின்றன என்று மேலிடத்திலிருந்து அவரை நெருக்கிக்கொண்டிருந்தார்கள். அங்கே இலங்கை சர்டிபிகேட்டே போதும். சேர்ந்த நாளிலிருந்து முழு நர்ஸ். தனி வீடு.

"தோட்டமே? நீ என்ன விசரே!" என்றான் கார்த்திகேசு. "லயத்துக்குள்ளை போய் நிக்கவே உன்னைக் கூப்பிட்டனான்?"

"ஒருக்காப் பாக்கவேணும் அண்ணை. பாக்காமல் ஓமெண்டும் சொல்லேலாது, இல்லையெண்டும் சொல்லேலாது."

ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் தங்கையும் ரயிலேறினார்கள். சுங்கை சிப்புட்டில் இறங்கி மாட்டு வண்டி. இரண்டு பக்கமும் பால்மரங்கள். எவ்வளவு தூரம் போனாலும் அதே மரம், அதே நிழல், அதே புளித்த பால் வாசம்.

தோட்டத்து ஆஸ்பத்திரி அவள் நினைத்ததைவிடச் சுத்தமாக இருந்தது. எட்டுக் கட்டில். டிரசர் இளையதம்பி, அவரும் யாழ்ப்பாணத்தார்தான், நானூறு பேருக்கும் தனி ஆளாக மருந்து கொடுத்துக்கொண்டிருந்தார். ஐம்பதை நெருங்கிய மனிதர். மலேரியா அவர் முகத்தையும் மஞ்சளாக்கியிருந்தது. கார்த்திகேசுவை நாற்காலியில் உட்காரவைத்து உபசரித்தார். ஞானம்மாவிடம் அதிகம் பேசவில்லை.

அவள் தனியாக லயத்துப் பக்கம் நடந்தாள். குழாயடியில் ஒரு பெண் பால் வாளிகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். பெயர் செல்லாயி. முப்பது வயசிருக்கும், ரப்பர் பாலுக்கு மரம் வெட்டுகிறவள். ஆபத்து அவசரத்தில் பிள்ளைப்பேறு பார்க்கிறதும் அவள்தான்.

"உங்களுக்கு எத்தனை பிள்ளையள்?"

"பெத்தது ஆறுங்க. இருக்கிறது ரெண்டு."

"பிள்ளை பிறக்கேக்கை கஷ்டமெண்டால் என்ன செய்வீங்கள்?"

செல்லாயிக்கு அந்தத் தமிழ் பிடிபடக் கொஞ்ச நேரமாயிற்று. "டிரசரய்யாகிட்ட சொல்லணும். அவரு பாத்துட்டு ஆபீசு கிராணிகிட்ட சொல்லுவாரு. கிராணி தொரைகிட்ட கேக்கணும். தொரை சரின்னா காரு வரும். அவரு கிளப்புக்குப் போயிருந்தா வர்ற வரைக்கும் உக்காந்திருக்கணும்."

அவள் குறையாகச் சொல்லவில்லை. எந்தப் பாதையில் போனால் கடை வரும் என்று வழி சொல்வதுபோலச் சொன்னாள்.

துரை பங்களாவில் ஒப்பந்தத்தைக் கையில் கொடுத்தார்கள். ஞானம்மாவுக்கு மிஷனில் ஆங்கிலம் நன்றாகச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஒவ்வொரு வரியாகப் படித்தாள். எல்லாம் சரி, ஒன்றைத் தவிர. நர்ஸ் டிரசரின் சொற்படி நடக்க வேண்டும். நோயாளியை வெளியே அனுப்புகிற முடிவு நிர்வாகத்துடையது. பிரசவ வேதனையில் இருக்கிற பெண்ணை மட்டும் தன் சொல்லில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப அனுமதி வேண்டும் என்று அவள் கேட்டாள். துரை கோபப்படவில்லை, சிரித்தார். ஒரு தோட்டத்தில் ஒருவர்தான் முடிவு சொல்ல முடியும் என்றார். இளையதம்பி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவள் கையெழுத்துப் போடவில்லை. கார்த்திகேசுவுக்கு நெஞ்சுக்குள் பால் வார்த்ததுபோல் இருந்தது.

ஆடி மாதம் அரசாங்க ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். மலம் சலம் எடுப்பதிலிருந்து ஆரம்பம். தன்னைவிட எட்டு வயது சின்னவர்களுக்குக் கீழே வேலை. முதல் சில மாதம் குமைச்சலாகத்தான் இருந்தது. பிறகு, உள்ளதைச் சொன்னால், அந்த வேலை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. மிஷனில் காணாத கருவிகள், நேரம் தவறாத ஒழுங்கு, தெரியாததைக் கேட்டால் சொல்லித்தர ஆட்கள். மேட்ரன் கண்டிப்பானவள், ஆனால் நியாயமானவள். இரண்டு வருஷம் ஓடியது. சரியான வழியைத்தான் எடுத்தோம் என்று ஞானம்மா நம்பினாள். அது பொய்யான நம்பிக்கையும் அல்ல.

1927 ஆவணியில் ஒரு மத்தியானம் பிரசவ வார்டு வாசலில் மாட்டு வண்டி ஒன்று வந்து நின்றது. உள்ளே காளியம்மா என்ற பத்தொன்பது வயதுப் பெண். வேதனை தொடங்கி இரண்டு நாளாகியிருந்தது. வயிற்றில் பிள்ளை குறுக்கே கிடந்தது. தலைமாட்டில் அவளைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் செல்லாயி. காளியம்மா அவளுடைய தம்பி பெண்சாதி.

டாக்டர் தாயைக் காப்பாற்றினார். பிள்ளை முன்பே இறந்திருந்தது. ஆண் பிள்ளை.

அன்று சாயந்திரம் வராந்தாவில் செல்லாயி ஞானம்மாவை அடையாளம் கண்டுகொண்டாள். என்ன நடந்தது என்று சொன்னாள்: துரை பினாங்குக்குப் போயிருந்தார், காரும் அவரோடு போய்விட்டது, சின்னத்துரை பொறுப்பேற்கப் பயந்தார், கடைசியில் இவர்களே வண்டி பிடித்தார்கள். ஞானம்மா அவள் ஏதாவது குத்திச் சொல்வாள் என்று காத்திருந்தாள். செல்லாயி சொல்லவில்லை. வெள்ளைத் தலைத்துணியையும் காலணியையும் பார்த்துவிட்டு, "உங்களுக்கு இங்க நல்லா இருக்குங்களாம்மா?" என்று கேட்டாள். உண்மையான அக்கறையோடு கேட்டாள்.

"ஓம், நல்லா இருக்கு," என்றாள் ஞானம்மா.

அந்தக் கேள்வி அவளை விடவில்லை. அன்றைக்கே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால் இந்தப் பிள்ளை பிழைத்திருக்குமா? இல்லை. அவள் கேட்ட அனுமதி இல்லாமல் போயிருந்தால் அவளும் வாசலில் காத்துக்கொண்டு நின்றிருப்பாள். மறுத்தது தப்பில்லை. ஆனால் மறுத்ததோடு நிறுத்தியது? ஒருமுறை கேட்டாள், இல்லை என்றார்கள், திரும்பி வந்துவிட்டாள். இரண்டாம் முறை கேட்க யாரும் தடை போடவில்லையே.

துரைக்குக் கடிதம் எழுதினாள். காளியம்மாவுக்கு நடந்ததை நாள், மணி எல்லாம் போட்டு எழுதி, அந்த அனுமதியைக் கொடுத்தால் இப்போதே வருவதாக முடித்தாள்.

ஆறு வாரம் பதிலே இல்லை. பிறகு ஒரு நாள் பார்வையாளர் நேரத்தில் டிரசர் இளையதம்பியே வந்தார். தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"பிள்ளை, துரை சம்மதிச்சிட்டார். அரசாங்க இன்ஸ்பெக்டர் வந்து காளியம்மாவின்ரை விஷயத்தைத் துருவிக் கேட்டவர். நானும் உங்கடை கடிதத்தோடை ஒரு கடிதம் எழுதி வைச்சனான்." பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தார். "அண்டைக்கு நீங்கள் கேட்டது எனக்குப் பிடிக்கேல்லை. என்ரை தலைக்கு மேலை ஒரு பொம்பிளையோ எண்டு நினைச்சன். அந்தப் பெட்டையை நான் வண்டியிலை ஏத்திவிட்டனான். அதுக்குப் பிறகு அப்பிடி நினைக்க ஏலேல்லை."

மார்கழிக்குள் வர வேண்டும். இரண்டு வருஷ ஒப்பந்தம். அவளுடைய பரீட்சைக்கு இன்னும் ஒன்பது மாதம் இருந்தது. அதுவரை பொறுக்கத் துரை தயாராக இல்லை. நடுவில் போனால் இடத்தைப் பிடித்து வைக்க மேட்ரனாலும் முடியாது.

கார்த்திகேசு சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். "ஒன்பது மாசம்! அது முடிஞ்சால் உனக்குச் சாகுமட்டும் கவலையில்லை. அந்த வெள்ளைக்காரன் நாளைக்குக் கப்பலேறினால் உன்னை ஆர் பாப்பினம்?"

"ஒருத்தரும் பாக்கமாட்டினம் அண்ணை. தெரிஞ்சுதான் போறன்."

"அப்ப ஏன்?"

"பரீட்சை எழுதினால் நான் நல்ல நர்ஸ். ஆனால் தோட்டத்துப் பொம்பிளையள் என்னட்டைப் பிந்தித்தான் வருவினம்."

ரயிலேற்றிவிட அவன் வரவில்லை, அவன் மனைவிதான் வந்தாள்.

ஒத்தப்பாறையில் முதல் நாலு மாதம் யாரும் அவளைப் பிரசவத்துக்குக் கூப்பிடவில்லை. வெள்ளை உடுப்பைக் கண்டு கூச்சம். அவள் பேசும் தமிழைக் கேட்டுச் சின்னப் பெண்கள் வாய்பொத்திச் சிரித்தார்கள். அவள் பிள்ளைக் கொட்டகையில் போய் உட்கார்ந்து, தாய்மார் மரம் வெட்டி வரும்வரை குழந்தைகளின் சிரங்குக்கு மருந்து போட்டாள். செல்லாயியோடு சேர்ந்துதான் முதல் பிரசவத்துக்குப் போனாள். கொதிக்கவைத்த கத்தரிக்கோலைச் செல்லாயி கையிலேயே கொடுத்தாள்.

முதன்முதல் காரைக் கேட்டது தப்பாகப் போயிற்று. அவள் பயந்து ஈப்போவுக்கு அனுப்பிய பெண், பாதி வழியிலேயே எந்தச் சிரமமும் இல்லாமல் பெற்றுவிட்டாள். துரை மூன்று நாள் முகம் கொடுக்கவில்லை. அடுத்த தடவை சந்தேகம் வந்தபோது காரைக் கேட்க ஞானம்மா தயங்கினாள். இன்னும் ஒரு மணி நேரம் பார்ப்போமா? அவள் இளையதம்பியைப் பார்த்தாள். அவர் டிரைவரைக் கூப்பிடப் போனார். அந்தப் பெண்ணுக்கு அன்று அறுவை செய்ய வேண்டியிருந்தது. தாயும் பிள்ளையும் தப்பினார்கள்.

இரண்டு வருஷத்தில் ஐம்பதுக்கு மேல் பிரசவம் பார்த்தாள். நாலு குழந்தைகள் தவறின. தாய் ஒருத்தியும் தவறவில்லை. ஆனால் அவளோடு பயிற்சியில் இருந்தவர்கள் இப்போது அரசாங்க நர்சுகள். வழியில் கண்டால் அன்பாகத்தான் பேசினார்கள். அவர்கள் போன பிறகு அவளுக்கு மனசு கொஞ்ச நேரம் கனக்கும். எந்த ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அவள் மறுபடி பயிற்சிக்காரிதான்.

1929 ஐப்பசியில் ஒரு நோயாளியை ஈப்போவில் விட்டுவிட்டு, திரும்பும் ரயிலுக்காக மேடையில் நின்றாள். கார்த்திகேசு அலுவலகத்திலிருந்து வந்தான். கையில் இரண்டு கண்ணாடித் தம்ளரில் கோப்பி. இருவரும் பெஞ்சில் உட்கார்ந்து குடித்தார்கள்.

"மார்கழியோடை உன்ரை ஒப்பந்தம் முடியுதெல்லே?"

"ஓம்."

"இருக்கிற யோசனையோ?"

"இருப்பன் போலை. இன்னும் முடிவு சொல்லேல்லை."

"பரீட்சையை விட்டதிலை கவலை இல்லையே உனக்கு?"

"சில நாள் இருக்கு அண்ணை. சில நாள் நினைப்பே வாறேல்லை."

ரயில் வந்துவிட்டது. அவன் அவளுடைய மருந்துப் பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்தான். கதவைச் சாத்தும் முன் சொன்னான்:

"புது ஒப்பந்தக் கடுதாசி தந்தால் உடனை கையெழுத்து வைச்சிடாதை. ஞாயிற்றுக்கிழமை நான் அங்கை வாறன். ரெண்டு பேருமா இருந்து வாசிப்பம்."