ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சு

சம்பளம் இல்லாத வேலைக்கு ஒரு குணம் உண்டு: ராஜினாமா செய்யவும் முடியாது. பள்ளிக்கூடத்தில் காலம் தள்ளியவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. பாடம் நடத்தத்தான் நம்மை எடுத்தார்கள். ஆனால் வீடு வீடாய்த் தலை எண்ணுவது, ஓட்டுச்சாவடியில் விரலுக்கு மை வைப்பது, அம்மை குத்த வருகிறவர்களுக்குப் பயந்து ஓடும் பிள்ளைகளைத் துரத்திப் பிடிப்பது எல்லாம் நம் தலையில்தானே விடிந்தது? என் தலையில் கூடுதலாகச் சாரணியர் படையும் விடிந்தது.

தேர்ந்தெடுத்த அழகு

திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளி. ஆட்சி மாறி, ஆபீசிலிருந்து வருகிற தாளெல்லாம் நல்ல தமிழுக்கு மாறிக்கொண்டிருந்த நேரம். ‘பெண் பிள்ளைகளுக்குச் சாரணியர் படை அமைக்கவும், தலைவியாகத் தன்னார்வமுள்ள ஆசிரியையை அனுப்பவும்’ என்று ஒரு தாள் வந்தது. தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். எனக்கு ஆர்வம் இருப்பதை அவர் எப்படிக் கண்டுபிடித்தார் என்று கேட்டேன்.

மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “உங்களுக்குத்தான் இன்னும் கல்யாணம் ஆகலையே டீச்சர், சாயங்காலம் சும்மாதானே இருப்பீங்க?”

விசில்

தஞ்சாவூரில் பத்து நாள் பயிற்சி கொடுத்து, கழுத்தில் ஒரு விசிலை மாட்டி அனுப்பினார்கள். என் வாய்க்கு அதில் காற்றுதான் வந்தது, சத்தம் வரவில்லை. முதல் நாளே பிள்ளைகள் ஆளுக்கொரு மூலையாய்ச் சிதறிப் போனார்கள். நான் ஊதி ஊதிக் கன்னம் வலித்து நின்றேன். அப்போது தங்கம் என்ற ஒன்பதாம் வகுப்புப் பெண் வாய்க்குப் பக்கத்தில் கையை வைத்து ஒரு குலவை போட்டாளே பார்க்கணும்! அவள் அம்மா அஞ்சலை, நடவுக்குப் போகிறவள். பெண்கள் வரிசையாய் நின்று நடும்போது போடுகிற அதே குலவை. மற்ற ஏழு பேரும் ஓடி வந்துவிட்டார்கள். அது போதாதென்று அடுத்த வயலில் களை பறித்துக்கொண்டிருந்த பெண்களும் நிமிர்ந்து பதில் குலவை போட்டார்கள்.

அந்த வயலுக்குச் சொந்தக்காரரான மிராசுதாரின் மகள் கமலாவும் எங்கள் படையில் இருந்தாள். மெதுவாக என் பக்கத்தில் வந்து சொன்னாள்: “சின்னப் பிள்ளையிலேருந்து இதக் கேக்குறேன் டீச்சர். ஒருத்தரை ஒருத்தர் கூப்பிடுறாங்கன்னு இன்னைக்குத்தான் தெரியுது.”

கொடிக்கயிறு

பயிற்சியில் கற்ற முடிச்சைக் காட்டுகிறேன் பேர்வழி என்று கொடிக்கயிற்றைக் கம்பத்தில் நானே கட்டினேன். சாயங்காலம் கொடி இறங்க மாட்டேன் என்றது. பொழுது சாய்வதற்குள் இறக்கியாக வேண்டும். தலைமையாசிரியர் அரிவாள் கொண்டு வரச் சொல்லிவிட்டார். தங்கம் குனிந்து, பல்லால் கடித்து இழுத்து, அந்தச் சிக்கை அவிழ்த்தாள். பிறகு தானே ஒரு முடிச்சுப் போட்டுக் காட்டினாள். நான் தொங்கிப் பார்த்தேன், அசையவில்லை. அவள் நுனியைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தாள், கயிறு கையோடு வந்துவிட்டது. பறித்த நாற்றை முடி முடியாக அப்படித்தான் கட்டுவார்களாம். நடுகிறவள் சேற்றில் நின்றபடி ஒற்றைக் கையால் பிரிக்க வேண்டுமே!

நான் வாயைப் பிளந்து நின்றேன். அவள் என்னைப் பார்த்துப் பரிதாபமாகக் கேட்டாள்: “அவுக்க வழி வைக்காம யாராச்சும் கட்டுவாங்களா டீச்சர்?”

எட்டுக்கு இரண்டு குறைந்தது

எட்டுப் பேர் இருந்தால்தான் படை. ஆய்வுக்கு வருகிற அம்மா தலையை எண்ணிப் பதிவு செய்தால்தான் பிள்ளைகளுக்குச் சான்றிதழ். தங்கத்துக்கு நர்ஸ் ஆக வேண்டும் என்று ஒரே வெறி. சான்றிதழ் இருந்தால் உதவும் என்று நான்தான் அஞ்சலையிடம் சொல்லி வைத்திருந்தேன். அதை நம்பித்தான் அவள் மகளை அறுப்புக்கு இழுக்காமல் விட்டிருந்தாள்.

தை பிறந்தது, சம்பா அறுப்பும் வந்தது, சண்டையும் வந்தது. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டார்கள். மிராசுதார் வெளியூர் ஆளை இறக்கப் போவதாகச் சொன்னார். வயலில் செங்கொடி ஏறியது. மறுநாளே கமலாவை நிறுத்திவிட்டார்கள். “அந்தத் தெருப் பொண்ணு நிக்கிற வரிசையில எம்பொண்ணு நிக்க மாட்டா” என்றார் அவர். தங்கமும் நின்றுவிட்டாள். கமலாவை எப்படியாவது வரவழைக்கலாம், முதலில் தங்கம் வரட்டும் என்று வரப்பில் நடந்து போய் அஞ்சலையைப் பார்த்தேன். ஆய்வு வருகிற சனிக்கிழமை என்று கெஞ்சினேன்.

அவள் என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை: “எங்க வயித்துல அடிக்கிற வீட்டுப் பொண்ணு கையைப் புடிச்சிக்கிட்டு எம்பொண்ணு சல்யூட் அடிக்கணுமாக்கும்?”

சனிக்கிழமை

அன்று காலை வெளியூர் ஆட்கள் லாரியில் வந்து இறங்கினார்கள். எங்கள் ஊர்ப் பெண்கள் வரப்பை மறித்து உட்கார்ந்துவிட்டார்கள், தங்கமும் அம்மா பக்கத்தில். ரோட்டில் போலீஸ் வேன். இந்தக் களேபரத்தில் யார் வரப் போகிறார்கள் என்று நினைத்தேன். ஆய்வுக்கார அம்மா ஜீப்பில் டாண் என்று வந்து இறங்கினார். வரிசையில் ஆறு பேர். நான் மறுபடி எண்ணினேன், அப்போதும் ஆறுதான். அவர் பேனா மூடியைத் திறந்தார்.

எனக்கு என்ன வந்ததோ தெரியாது. பள்ளிக்கூடத்து வேலியோரம் ஓடிப் போய் வாயைத் திறந்து குலவை போட்டேன். பூனை வாலை மிதித்தது மாதிரி இருந்திருக்கும். ஆறு பிள்ளைகளும் சிரித்தார்கள், அப்புறம் அவர்களும் சேர்ந்து போட்டார்கள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு வரப்புக்கு வரப்பு தாண்டி ஒருத்தி ஓடி வந்தாள். மேற்கே மிராசுதார் வீட்டுக் கொல்லைக் கதவு திறந்தது, செருப்பில்லாமல் இன்னொருத்தி. இருவரும் மூச்சு வாங்கிக்கொண்டு தங்கள் பழைய இடத்தில் நின்றார்கள். நான் அழுதுவிட்டேன், சொல்ல என்ன வெட்கம்?

ஜோடி ஜோடியாக முதலுதவிக் கைக்கட்டுப் போடும் பரீட்சை. தங்கம் கமலாவின் கையை மடித்துத் துணியைக் கழுத்தில் சுற்றினாள். அதற்குள் மிராசுதார் குடையோடு வந்துவிட்டார். பின்னாலேயே அஞ்சலையும் மகளைத் தேடி வந்தாள்.

“ஏய், அவுத்து வுடுடி அத” என்றார் அவர்.

அஞ்சலைக்கு உடம்பு பழக்கத்தில் தானாகக் குனிந்தது. தங்கம் திரும்பவே இல்லை. விரல்கள் பாட்டுக்கு வேலை செய்தன.

“இருங்க. பரீட்சை முடியட்டும்” என்றாள்.

கூலிக்காரர்கள் ‘ஆண்டே’ என்று கைகட்டிக் கூப்பிடுவதையே கேட்டுப் பழகிய மனிதர். குடைக்காம்பை இறுக்கிப் பிடித்தபடி நின்றார். ஆய்வுக்கார அம்மா நிதானமாக வந்து கட்டை அழுத்திப் பார்த்தார், அசையவில்லை. “இது புத்தகத்துல உள்ள முடிச்சு இல்லையே” என்றார். இருந்தாலும் எழுதினார்: எட்டுப் பேர், தேர்ச்சி. அஞ்சலை இப்போது நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தாள்.

தங்கம் நுனியைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தாள். கட்டு அவிழ்ந்தது. துணியை மடித்து வைத்துவிட்டு, அப்புறம்தான் மிராசுதாரின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்: “இப்பக் கூட்டிக்கிட்டுப் போங்க.”

‘படைத் தலைவி’ என்று என் பெயருக்கு வந்த நியமனத் தாள் இன்னும் பெட்டியில்தான் இருக்கிறது. ஆள் மாறி வந்த கடிதத்தை இத்தனை வருஷமாகத் திருப்பிக் கொடுக்காமல் வைத்திருக்கிறேன்.